பெயர் வெட்டிய தட்டு

அந்தப் புள்ளிகளை வெளிச்சம் என்றுதான் ஜெசிந்தா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில், சன்னல் வெயில் சாய்ந்து விழுந்த இடத்தில், பொடி உப்பு சிந்தினதுபோல மின்னிக்கொண்டிருந்தவை. கேமராவின் சின்னத் திரையில் அப்படித்தான் தெரிந்தது, அலுவலகக் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் தெரிந்தது, இந்த மினுக்கம்தான் படத்துக்கே உயிர் என்று அவளே நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறாள். இன்றைக்கு அதைப் பெரிதாக்கி, கெட்டி அட்டையில் ஒட்டி, சமுதாயக் கூடத்தின் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டி, மேலே ஒரு விளக்கையும் போட்ட பிறகு, கோணலாக இருக்கிறதோ என்று கிட்டே போய்ப் பார்த்தவளுக்குப் புள்ளிகள் எழுத்துகளாகச் சேர்ந்து நின்றன. பெ. சன்னாசி, நத்தம். பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற மிஷின் குத்தின எழுத்து. ஒருமுறை படித்தபின் அதை மறுபடி வெறும் புள்ளியாகப் பார்க்க முடியவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், சன்னாசி சன்னாசியாகவே இருந்தார். அப்போதுதான் வாசலில் ரிப்பன் வெட்டிக் கை தட்டுகிற சத்தமும், ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற சத்தமும் கேட்டன. ஜெசிந்தா திரும்பி முதுகைச் சுவரில் சாய்த்து, வலது தோளால் தட்டின் விளிம்பை மறைத்துக்கொண்டு நின்றாள். நின்றவள் நின்றவள்தான்.

முகம் கூடாது. பிள்ளைகளுக்கான அமைப்பை நடத்துகிற வளர்மதி அக்கா, படம் எடுக்க வந்த பையன்களுக்கும் பெண்களுக்கும் கையில் கேமராவைக் கொடுத்த முதல் நாளே சொன்ன விதி அது. வீடுகளிலும் பள்ளிகளிலும் பட்டறைகளிலும் பிள்ளைகள் படுகிற அடியை ஊர் பார்க்க வேண்டும், ஆனால் அடிபட்ட பிள்ளையை ஊர் அடையாளம் கண்டுவிடக் கூடாது. முகம் கூடாது, தெருப்பெயர் கூடாது, பள்ளிக்கூட டை கூடாது, எந்த ஊர் என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதியை ஜெசிந்தா வேதம் மாதிரி வைத்திருந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி வைத்தாள், பள்ளிக்கூடப் பையின் மேல் துண்டைப் போட்டு மூடினாள், பிள்ளையின் பாவாடைக் கரையைக்கூட வரவிடாமல், கையை மட்டும், சோற்றைப் பிசைகிற அந்த ஒரு கையை மட்டும் எடுத்தாள். மூன்று விரல்கள் சோற்றில் மடிந்திருக்க, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் மடங்காமல் விறைத்து நீண்டிருக்கிற கை. எல்லாவற்றையும் மூடினவள் தட்டை மறந்தாள். யானை போகிற வழியைத் திறந்து வைத்துவிட்டு எறும்பு நுழைகிற ஓட்டையை அடைத்த கதை. இந்த நாட்டில் பேர் வெட்டாத பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது. அவள் அம்மா ஒருத்தி போதும், டீ வடிகட்டியைத் தவிர அத்தனையிலும் ம. அந்தோணிசாமி என்று அப்பா பெயரை வெட்டி வைத்திருப்பாள், வடிகட்டியில் இடமில்லாததால் விட்டுவைத்தாள். விசேஷ வீட்டுக்கு இரவல் போகிற அண்டா திரும்பி வரவேண்டும், தண்ணீர்க் குழாயடியில் குடம் மாறக்கூடாது, அதற்குத்தானே பேர் வெட்டுவது. பாத்திரம் எந்த மூலைக்குப் போனாலும் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். இப்போதும் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சன்னாசி யார் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளையின் தகப்பன் பெயர் குணசேகரன். அவனுடைய அப்பனோ தாத்தனோ சன்னாசியாக இருக்க வேண்டும், பூர்வீகம் நத்தமாக இருக்க வேண்டும், அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தன் இந்தக் கூடத்துக்குள் வந்து இந்தப் பெயரைப் படித்தால் போதும், அட நம்ம குணசேகரன் வீட்டுத் தட்டில்ல இது என்று ஒரு வார்த்தை, சாயங்காலத்துக்குள் அவன் காதுக்குப் போய்விடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. குணசேகரன் லேசுப்பட்ட ஆள் இல்லை, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்திலேயே பெற்றோர் சங்கத்துக்குத் தலைவன், சுதந்திர தினத்துக்கு மிட்டாய் அவன் செலவு. ஜெசிந்தா சொல்லி, வளர்மதி அக்கா புகார் கொடுத்து, குழந்தைகள் நல அதிகாரிகள் அந்த வீட்டுக்குப் போனபோது அவன் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தானாம். பிள்ளை தானே அடுப்பில் கையை வைத்துவிட்டதாகச் சொன்னதாம், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. பிள்ளையைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துக்கொள்ள உறவுக்காரர் யாராவது உண்டா என்று அவர்கள் பிள்ளையின் அம்மா செல்வராணியைக் கேட்டபோது, புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றாளாம். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். அதன்பிறகு அவன் செல்வராணியிடம் சொன்னது ஒன்றே ஒன்று. இன்னும் ஒருத்தர் இந்த வாசலை மிதித்தால், இந்தக் கழுதையைப் படிப்பை நிறுத்திக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதாவது மில்லுக்கு ஆள் பிடிக்கிறவனோடு ஏற்றிவிடுவேன், அப்புறம் எவ தேடி வர்றான்னு பார்க்கிறேன். செல்வராணி இதைப் போனில் மூச்சுக்காற்றாகச் சொன்னாள். சொன்னவளேதான் அடுத்த வாரம், அவர் ஊரில் இல்லை, வந்து படம் எடுத்துட்டுப் போ என்றும் கூப்பிட்டாள். ஏன் கூப்பிட்டாள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது எல்லாமே கேட்கத் தோன்றுகிறது. பிள்ளையின் பெயரை ஜெசிந்தா மனசுக்குள்கூடச் சொல்வதில்லை, சொன்னால் வாய் தவறிவிடும் என்று பயம், மனசுக்குள்ளும் பிள்ளை, பிள்ளைதான். அந்தப் பிள்ளை ஏதோ ஒரு மில் விடுதியில் மடங்காத விரலோடு நூல் முடிச்சுப் போடுவதை நினைத்தால் தோள் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது.

படத்தைக் கழற்றிவிடலாம். கழற்ற முடியாது, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பில் ஒட்டியிருக்கிறார்கள், பிய்த்தால் சுண்ணாம்போடுதான் வரும், சத்தம் கேட்டு எல்லாரும் திரும்புவார்கள், ஏன் என்பார்கள், என்ன என்பார்கள், பார்க்காதவனும் வந்து பார்ப்பான். எதையாவது ஒட்டி மறைக்கலாம். பொட்டு வைக்கிற வீட்டில் பிறந்திருந்தால் நெற்றியிலிருந்து ஒன்றை எடுத்து சன்னாசி மேல் ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம், அந்தோணிசாமி மகளுக்கு அந்த வசதியும் இல்லை. கறுப்பு மார்க்கர் பேனா கருத்து எழுதுகிற மேசையில் இருக்கிறது, மேசை அந்தக் கோடியில் இருக்கிறது, போய் எடுத்து வருவதற்குள் யாராவது படித்துவிட்டால். எதிர்ச் சுவரில் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்ற முபாரக்கிடம் விரலால் எழுதுவதுபோல் சைகை காட்டினாள். அவன் தலையாட்டிவிட்டுப் போய்க் காகிதக் கப்பில் டீ கொண்டுவந்து கொடுத்தான். பேனாடா, என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. இரு, வாரேன் என்று போனவனை ஒரு கல்லூரிப் பெண் கூட்டம் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதா, இவனாகவே போய்ச் சிக்கினானா. படங்களைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தது முபாரக்தானே. கடையில் திரையில் வைத்து ஓரம் வெட்டியிருப்பான், அப்போது இந்த எழுத்து அவன் கண்ணில் படாமலா இருந்திருக்கும். வாசலுக்கு எதிர்ச் சுவர் தனக்குத்தான் என்று நினைத்திருந்தான், ஜெசிந்தாவுக்குக் கொடுத்ததும் ஒருநாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. பார்த்தும் சொல்லாமல் விட்டானா. சீ, முபாரக் அப்படிப்பட்டவன் இல்லை, பட்டறையில் சம்மட்டி தூக்குகிற பையனைப் படம் எடுத்துவிட்டு மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தவன். அப்படியென்றால் வளர்மதி அக்கா. அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பவள், அக்கா பார்க்கவில்லையா. பெயர் வெளியே வந்தால் ஊரே கேள்வி கேட்கும், கேட்டால் அதிகாரிகள் மறுபடி போயே தீரவேண்டும் என்று கணக்குப் போட்டு விட்டுவைத்தாளா. அக்காவை நினைத்த புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மா சொல்லுவாள். சொல்லுவாளே தவிர, அவளும் இரவில் கொல்லைக் கதவை எழுந்து எழுந்து பார்க்கிறவள்தான்.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த ஆள் உள்ளே வந்தது அப்போதுதான். நாற்பத்தைந்து ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, வண்டியில் தூரமாக வந்த புழுதி. வந்தவன் வரிசைப்படி பார்க்கவில்லை. இந்த மாதிரி இடத்துக்கு வருகிறவர்கள் கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல இடமிருந்து வலமாகப் பொறுமையாகச் சுற்றுவார்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று உச்சுக் கொட்டுவார்கள். இவன் வாசலில் நின்று போனை எடுத்துப் பார்த்தான், சுவர்களைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். தேடுகிறான். ஜெசிந்தாவுக்குப் போனில் இருப்பது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது, கண்காட்சிக்கு அழைத்து வாட்ஸ்அப்பில் போட்ட நோட்டீஸ், அதில் சின்னதாக இந்தக் கைதான் இருக்கிறது. அதில் எழுத்துத் தெரியாது, தெரியாது என்று அவளே தனக்குச் சத்தியம் செய்துகொண்டாள், ஆனால் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கினால். அவன் இந்தச் சுவரைக் கண்டுபிடித்துவிட்டான். நேராக வந்தான். வந்தவனின் முகத்தை அவள் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள், எந்த ஆணைப் பார்த்தாலும், பெண்ணைப் பார்த்தாலும்தான், முதலில் கையைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு விடுதியில் படிக்கிறபோதே வந்துவிட்டது. வார்டன் கதவைத் திறந்து வரும்போது முகம் எப்போதும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சிரித்த முகம், கையில் மர ஸ்கேல் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் அன்றைய பொழுது இருந்தது. முகம் பொய் சொல்லும், கைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அப்போது நினைத்தாள், அதனால்தான் கேமரா கைக்கு வந்ததும் கைகளையே எடுத்தாள். இந்த ஆளின் கை பெரிய கை. நகத்தில் மண். ஹெல்மெட்டை இடுக்கின விதத்தில் ஒரு முரட்டுத்தனம். குணசேகரனின் தம்பியா, பங்காளியா. நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவன்தான் அனுப்பியிருக்க வேண்டும், அவனே வந்தால் தெரிந்துவிடும் என்று வேறொருத்தனை. அவள் தோளை இன்னும் உயர்த்தினாள், கழுத்து வலித்தது.

வந்தவன் படத்தைப் பார்த்தான். அவள் மறைத்தது போக மீதி இருந்ததைப் பார்த்தான். நகர்ந்து இடப்பக்கமாக வந்து தலையை நீட்டினான், இவளும் நகர்ந்தாள். வலப்பக்கம் போனான், இவளும் சாய்ந்தாள். பார்க்கிறவர்களுக்குக் கிளித்தட்டு விளையாடுகிற மாதிரி இருந்திருக்கும். நல்லவேளையாக ஒரு பெரியவர் குறுக்கே வந்தார், மடிப்புக் கலையாத சட்டையில் பேனா, ஓய்வு பெற்றும் வேலையை விடாத வாத்தியார் என்று பார்த்ததுமே தெரிந்தது. படம் பிரமாதம் என்றார், வெளிச்சம் அருமை என்றார், ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தப்பென்று சொல்லிவிட முடியாதும்மா, நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் மனுஷனானோம் என்றார். வேறொரு நாளாக இருந்தால் ஜெசிந்தா அவரை உட்காரவைத்து ஒருமணி நேரம் பேசியிருப்பாள், மனுஷனானது அடியாலா அடியைத் தாண்டியா என்று கேட்டிருப்பாள், பேசத்தானே இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். இன்றைக்கு அவர் பேசிக்கொண்டே இருந்தால் போதும் என்றிருந்தது. ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா என்றாள். அவருக்கு ஒரே சந்தோஷம். அவர் முதுகுக்குப் பின்னால் ஹெல்மெட் ஆள் விலகிப் போனான், போனவன் வெளியே போகவில்லை, முபாரக்கின் பட்டறைப் படத்தின் முன் நின்று அதைப் பார்க்காமல் இந்தப் பக்கத்தையே பார்த்தான். போனில் யாரிடமோ பேச நினைத்தவன்போல எடுத்தான், காதில் வைக்கவில்லை, பையில் போட்டுக்கொண்டான். யாரிடம் பேசப் போனான். என்ன சொல்லப் போனான். இப்போதே செல்வராணிக்குப் போன் போட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடு என்று சொல்லலாமா. செல்வராணிக்குப் போக இடம் இல்லை, யாரும் இல்லை என்றுதானே சொன்னாள். போனை எடுப்பவன் குணசேகரனாக இருந்தால். அவள் மனசு அந்த வீட்டுக்குள் ஓடி ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் அதே அடுப்படியில் வந்து நின்றது. வெயில் விழுகிற சன்னல், சோற்றுப் பானை, பிள்ளையின் பின்னங்கழுத்து. பிள்ளை அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டது, அக்கா சாப்பிடவா, இல்ல சாப்பிடற மாதிரி நடிக்கவா. சாப்பிடு என்றாள் ஜெசிந்தா. அதற்குமேல் கேமராவுக்குப் பின்னால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டி வ்யூஃபைண்டர் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில்தான் எழுத்தைப் பார்க்காமல் விட்டாளோ என்னவோ.

பெரியவர் போனதும் அந்த ஆள் மறுபடி வந்தான். இந்த முறை கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "தாயி, இது எந்த ஊருல எடுத்தது?" என்றான். சொல்லக்கூடாது சார், எங்க விதி அது என்று மனப்பாடமாகச் சொன்னாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவள் நிறுத்துவாளா, வத்தலக்குண்டுப் பக்கம் என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னாள், சொல்லக்கூடாது என்றவள் ஏன் சொல்கிறாள் என்று எதிரே நிற்கிறவன் யோசிக்கமாட்டானா என்ற நினைப்பு பொய் வாயைவிட்டுப் போன பிறகுதான் வந்தது. அவன் யோசித்தான். கொஞ்சம் தள்ளி நில்லும்மா, அந்தத் தட்டைப் பார்க்கணும் என்றான். அவள் நகரவில்லை. கையைப் பார்த்தாள், அந்தப் பெரிய கை ஹெல்மெட்டின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. வளர்மதி அக்கா எங்கே என்று கண்ணால் தேடினாள், அக்கா வாசலில் யாருக்கோ கும்பிடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நகர வேணாம், அங்கயே நில்லு," என்றான் அந்த ஆள். "நான் சொல்றது சரியான்னு மட்டும் சொல்லு. பெ. சன்னாசி, நத்தம். அதுக்குக் கீழ தங்கை திருமணத்துக்குன்னு இன்னொரு வரி இருக்கும், சோறு மறைச்சிருக்கும்."

ஜெசிந்தா தோளை விளிம்போடு இன்னும் அழுத்தினாள். அதுவே பதிலாகிவிட்டது.

"என் பேருதான் சன்னாசி. தங்கச்சி கல்யாணத்துக்கு நான் சீரா குடுத்த தட்டு."

சீர். கொடுத்தவன் பெயர். இரவல் போன பாத்திரம் திரும்பி வரத்தான் பெயர் என்று ஒரே பக்கமாக நினைத்தாளே, வாங்கிக் கொடுத்தவன் பெயரையும் அதே மிஷின்தானே அதே விளிம்பில் குத்துகிறது, கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்து இன்னார் கொடுத்த குத்துவிளக்கு என்று வாசிக்கிறார்களே, அவள் வீட்டிலேயே பித்தளைப் பானை ஒன்றில் அம்மாவின் அண்ணன் பெயர் இருக்கிறதே. அந்தப் பானை ஞாபகத்துக்கு வரவே இல்லை. இந்த ஆள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அண்ணன் என்றால் உடனே நல்லவனாகிவிடுவானா. எத்தனை மாமன்களைப் பார்த்திருக்கிறாள், குடும்ப மானம் போகிறது, படத்தைக் கழற்று என்று சண்டைக்கு வந்தவர்களை, புகாரை வாபஸ் வாங்க வைத்துவிட்டு நிம்மதியாக மொய் எழுதப் போனவர்களை. அவன் சொல்லிக்கொண்டே போனான். குணசேகரனோடு ஒரு பேச்சு முற்றிப்போய், அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்றாகிவிட்டதாம், தங்கச்சி போனையும் எடுப்பதில்லையாம், நல்லாத்தான் இருப்பாள் என்று தானும் இருந்துவிட்டானாம். இந்தத் தட்டை அவள் புழங்கமாட்டாள் தாயி, என்றான், அண்ணன் குடுத்ததுன்னு பேப்பர் சுத்திப் பரணுல வச்சிருப்பா, அதுல எப்படிப் பிள்ளைக்குச் சோறு போட்டா. ஜெசிந்தாவுக்கு அன்றைக்கு அந்த வீட்டில் நடந்தது ஞாபகம் வந்தது. பரண். அன்றைக்கு எல்லாம் தயாராக இருந்தது, பிள்ளை தினமும் சாப்பிடுகிற நசுங்கின தட்டில் சோறு போட்டாயிற்று, வெளிச்சம் பார்த்தாயிற்று, அழுத்த வேண்டியதுதான் பாக்கி. செல்வராணி, இரு பாப்பா, இதுல வேணாம் என்றாள். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கி, பேப்பரைப் பிரித்து, முந்தானையால் அழுத்தித் துடைத்து, சோற்றை அதற்கு மாற்றினாள். கேமரா வந்தால் இருப்பதிலேயே நல்ல பாத்திரத்தை எடுத்து வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று ஜெசிந்தா பொறுமையில்லாமல் காத்திருந்தாள். மாற்றி வைத்துவிட்டும் செல்வராணி போகவில்லை. தட்டைத் தரையில் வைத்தபடியே கொஞ்சம் திருப்பினாள், எழுத்து சன்னல் பக்கம் வருகிற மாதிரி. இதை எங்கே மாட்டுவீங்க, நத்தம் பக்கமெல்லாம் நோட்டீஸ் போகுமா என்று வாசல்வரை வந்து கேட்டாள். யாரும் இல்லை என்று புருஷனுக்கு முன்னால் சொன்னவள். மறந்தது தான்தான் என்று இத்தனை நேரமும் முதுகை வளைத்து நின்றாளே, மறக்காமல் ஒருத்தி இருந்திருக்கிறாள், அதுவும் அந்த வீட்டுக்குள்ளேயே.

"அந்த ரெண்டு வெரலும் மடங்காதா?" என்று கேட்டான் சன்னாசி.

விதி, வத்தலக்குண்டு, பொய், எல்லாம் தொண்டைவரை வந்தன. "மடங்காது," என்றாள் ஜெசிந்தா.

அவர் தன் கையைப் பார்த்தார். சோறு பிசைவதுபோல விரல்களை ஒருமுறை மடக்கினார், மடக்கினதை உடனே விட்டுவிட்டார். பிள்ளையைக் கடைசியாகப் பார்த்தபோது அது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்ததாம். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன், எந்த ஆபீசுக்கு வரச் சொன்னாலும் வருகிறேன், தாயும் பிள்ளையும் என் வீட்டில் இருக்கட்டும் என்றார். இதைத்தான் அதிகாரிகள் கேட்டார்கள், பொறுப்பெடுக்க ஒரு சொந்தம். தேடித் தவித்த ஒன்று தானாக வந்து வாசலில் நிற்கிறது, நம்பிவிட வேண்டியதுதானே. ஜெசிந்தாவால் முடியவில்லை. இங்கே அடுப்பு, அங்கே எதுவோ. பிள்ளையை ஒரு கையிலிருந்து பிடுங்கி இன்னொரு கையில் கொடுக்கப்போகிறாள், அந்தக் கை எப்படிப்பட்ட கை என்று படத்தில் தெரியாது, பார்த்தாலும் தெரியவில்லை. கேட்டுவிட்டாள்.

"உங்க பிள்ளைகள நீங்க அடிப்பீங்களா?"

வயதில் பெரிய ஆளிடம், அதுவும் இந்த நிலைமையில், கேட்கிற கேள்வி இல்லை. கோபித்துக்கொண்டு போனாலும் போகலாம். அவர் போகவில்லை.

"பெரியவன அடிச்சிருக்கேன்," என்றார். "பெல்ட்டால. அவன் எங்கிட்ட முகங்குடுத்துப் பேசி ரொம்ப நாளாச்சு. இந்த நோட்டீஸ எனக்கு அனுப்புனது அவன்தான். ஒரு வார்த்தை எழுதல, வெறும் படம். என்னையக் குத்திக் காட்டத்தான் அனுப்பிருக்கான்னு நெனச்சேன். கோவத்துலதான் பெருசாக்கிப் பார்த்தேன்."

அடித்ததில்லை என்று சொல்லியிருந்தால் ஜெசிந்தா நம்பியிருக்கமாட்டாள். ஆமாம் என்றதையும் நம்புவதா, பயப்படுவதா. சுத்தமான கை ஒன்று வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தால் அதற்குள் மில் வண்டி வந்துவிடும், அதுமட்டும் நிச்சயம். இந்தக் கையையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மாதாமாதம் போய் நிற்க வேண்டும், பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவருடைய பெரிய பையனையும் கேட்க வேண்டும். சந்தேகத்தை விடுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை. பயத்தை மட்டும் ஓரமாக வைத்துவிட்டு அவள் சுவரைவிட்டு நகர்ந்தாள். தோள் மரத்துப் போயிருந்தது. சன்னாசி ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் வந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவர் பெயர் ஒவ்வொரு எழுத்தாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, நீண்டு நின்ற அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெசிந்தா வாசல் பக்கம் நடந்து போய், வளர்மதி அக்காவின் கையைப் பிடித்து, பிள்ளைக்கு ஆள் வந்திருக்கு என்றாள்.